அம்மாவுக்குப் படித்த கடைசிப் பத்து

கண்ணுக்கு மருந்து விடுவதற்காகப் போனில் அலாரம் வைத்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இளையவர்கள் வாசித்தாலும் குறையில்லை. ஆனால் கண் ஒப்பரேஷனுக்கு மணல் மூட்டை எதற்கு என்று அவர்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும்.

போன மாதம் கொழும்பில், களுபோவிலை ஆஸ்பத்திரியில் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். காலையில் போனேன், மத்தியானச் சோற்றுக்கு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு வாசிக்க வேண்டாம் என்றார்கள். சும்மா படுத்திருந்தால் நான் செபமாலையை முடித்துவிட்டு மருமகளின் சமையலில் குறை கண்டுபிடிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே போனில் பழைய நாவல்களைப் போட்டுத் தந்தாள். ஊர் ஊராக இருக்கிற ஆட்கள், சம்பளம் ஒன்றும் இல்லாமல், ஆளுக்கொரு அத்தியாயமாகப் படித்து அனுப்புகிறார்களாம். ஒரு அத்தியாயம் ஆண் குரல், அடுத்தது பெண் குரல். ஒருவர் படிக்கும்போது பின்னால் காகம் கரைகிறது. இன்னொருத்தியின் வீட்டில் குக்கர் மூன்று தரம் கூவுகிறது. கனடாவிலிருந்து ஒரு பிள்ளை படிக்கிறாள், அவளுடைய ழகரம் குளிரில் விறைத்த மாதிரி இருக்கிறது.

"மாமி, கதாநாயகிக்கு ஒவ்வொரு அத்தியாயத்திலயும் ஒவ்வொரு குரல். குழப்பமா இல்லையா?" என்று மருமகள் கேட்டாள்.

"எனக்கு இது பழக்கம் பிள்ளை," என்றேன்.

அவளுக்கு அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்வதென்றால் அம்மாவின் வலது கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கண் என்னால்தான் போனது என்று ஒன்பது வயதிலிருந்து நான் நம்பிக்கொண்டிருந்தேன். கட்டினவருக்குக்கூடச் சொன்னதில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி கொடுப்பாராக.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் சந்து மாதிரி ஒடுங்கிய ஒரு ஒழுங்கையில் இருந்தோம். முன்னறை, பின்னறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான் வீடு. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் எங்கள் அலுமாரிக் கண்ணாடி அதிரும். அப்பா பேக்கரியில் வேலை. அவர் வீட்டுக்குள் வந்தால் சூட்டுப் பாணின் வாசமும் கூடவே வந்து உட்காரும்.

அந்த வருடம் அம்மாவின் வலது கண்ணுக்குள் இருக்கிற திரை கழன்றுவிட்டது. கண்ணாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து, இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு, மிச்சம் நாலு கிழமை வீட்டில் கிடக்கட்டும் என்று அனுப்பினார்கள். மல்லாந்து படுக்க வேண்டும். தலை அசையக்கூடாது. அதற்காகத் தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை. பேக்கரிக்கு மா வந்த சாக்குத் துணியில் அப்பாவே இரண்டு பை தைத்தார். முகத்துவாரக் கடற்கரையில் மண் அள்ளி வந்து, அரித்து, காயவைத்து நிரப்பினார். எவ்வளவு அரித்தும் ஒரு பையிலிருந்து சின்னச் சிப்பி ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. அம்மா விரலால் அதைத் தடவிக்கொண்டு கிடப்பா. அந்தப் பைகள் பிறகு கொஞ்சக் காலம் கதவுக்கு முட்டுக் கொடுத்தன. எப்போது தொலைந்தன என்று தெரியாது. ஏதாவது ஒரு பொருளை ஆண்டவர் திருப்பித் தருவதாக இருந்தால், அந்தச் சிப்பிப் பையைத்தான் கேட்பேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவை மூன்று. இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. அப்பா அதைப் பத்துக் கட்டளைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அம்மா நாவல் பைத்தியம். வாராந்தப் பத்திரிகையில் தொடர்கதை வந்தால் கிழித்துக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் தைத்து அட்டை போட்டு வைப்பா. சிலதை வாரா வாரம் வாசிக்கவும் மாட்டா. "காத்திருக்க ஏலாது. எல்லாம் சேரட்டும், ஒரே மூச்சில வாசிக்கிறன்," என்பா. அப்படி ஒரு தடித்த தொகுப்பு, மண்ணிறக் கடதாசி உறை போட்டு, வாசிக்காமலே இருந்தது. அது தைத்து முடித்த கிழமைதான் கண் பழுதானது.

வேலை முடிந்து எட்டிப் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா. "ஆளுக்குப் பத்துப் பக்கம் படியுங்கோவன். செபமாலை சொல்ற மாதிரி."

எங்கள் ஒழுங்கையில் மாதாவின் மாதத்தில் செபமாலை வீடு வீடாகப் போகும். பத்து மணிகளை ஒருவர் முன்சொல்ல, அடுத்த பத்தை அடுத்தவர் எடுப்பார். கடைசிப் பத்து எப்போதும் இருக்கிறவர்களில் சின்னப் பிள்ளைக்கு. அந்த முறையை அப்படியே நாவலுக்கும் வைத்துக்கொண்டார்கள். பின்னேரம் நாலரைக்குத் தொடங்கி, கோவிலில் ஆறு மணிக்கு அந்திச் செபத்துக்கான திருந்தாதி மணி அடிக்கும்வரை.

படித்தவர்கள் மூன்று பேர்.

எதிர்வீட்டு ராத்தா முதல் ஆள். இஸ்லாமிய வீடு. முக்காட்டைச் சரிசெய்து, மெல்ல பிஸ்மி சொல்லி, பிறகுதான் பக்கத்தைத் திறப்பா. இராகம் போட்டுப் படிப்பா, கேட்டால் தூக்கம் வரும், அவ்வளவு இனிமை. ஆனால் காதல் வந்தால் இராகம் நின்றுவிடும்.

"இந்த எடத்தில ரெண்டு பேரும் கதச்சாங்க. அவ்வளவுதான்."

"ராத்தா, ரெண்டு பக்கம் புரட்டின சத்தம் கேட்டுது," என்பா அம்மா.

"ஓ, நெறயக் கதச்சாங்க."

மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த டைப்பிஸ்ட் அக்கா இரண்டாவது. கொழும்புக் கோட்டையில் ஒரு ஒபிஸில் வேலை. அங்கே அடித்த கடிதத்தைச் சரிபார்க்கும்போது ஒருத்தி சத்தமாகப் படிக்க மற்றவள் பார்ப்பாளாம், புள்ளி கமா எல்லாம் சொல்லித்தான் படிப்பார்களாம். அந்தப் பழக்கம் நாவலுக்கும் வந்துவிட்டது. "நீ போகத்தான் வேண்டுமா அண்ணா, கேள்விக்குறி. அவள் கண்கள் கலங்கின, புள்ளி, புது வரி."

அம்மாவின் உதடு இறுகும். வயிறு குலுங்கும்.

"பிள்ளை, சிரிக்கப் பண்ணாதேங்கோ! மூட்டை சரியுது!" என்று அப்பா ஓடிவந்து பையை அண்டக் கொடுப்பார்.

மூன்றாவது துறைமுகத்து மாமா. யாழ்ப்பாணத்து மனிதர். பகல் முழுக்கக் கப்பல் சாமானுக்குக் கணக்குக் கூவிக் கூவி, மெல்லக் கதைக்கிற பழக்கமே விட்டுப்போனவர். கதையில் வருகிற நோயாளித் தங்கை முனகினாலும் அந்தத் தொண்டைதான்.

"அண்ணை, அந்தப் பிள்ளை சாகக் கிடக்கிறாள். கொஞ்சம் மெல்லமாக் கதைக்கமாட்டாளா?" என்று அம்மா கேட்பா.

"தமையன் கப்பலிலயெல்லோ நிக்கிறான், அவனுக்குக் கேக்க வேண்டாமே?"

ஓம், கதை அதுதான். தாய் தகப்பன் இல்லாத ஒரு தங்கை. சொத்தைப் பிடுங்கிக்கொண்ட ஒரு சித்தப்பன். உழைக்கவென்று கப்பலேறிப் போன தமையன். அவள் நோயோடு அவனுக்காகக் காத்திருக்கிறாள். என் காதில் அந்தத் தங்கைக்கு மூன்று குரல் இருந்தது. ஒரு நாள் தாலாட்டுவாள், ஒரு நாள் கேள்விக்குறி போடுவாள், ஒரு நாள் துறைமுகமே அதிரக் கூவுவாள். எனக்கு ஒருதரும் பத்துத் தரவில்லை. "நீ அடையாளத்தைப் பிடி," என்றார்கள். நின்ற பக்கத்தில் வைக்கிற நாடாவைப் பிடித்துக்கொண்டு கட்டில் காலடியில் இருப்பேன். செபமாலையில் கடைசிப் பத்து என்னுடையது, இதில் மட்டும் ஏன் இல்லை என்று ஒரு கோபம் மனதுக்குள் இருந்தது.

நாலாவது கிழமை, துறைமுகத்து மாமா பொறுமை கெட்டுப்போய்க் கடைசிப் பக்கங்களை முன்னாலேயே வாசித்துவிட்டார். எல்லோரையும் குசினிக்குள் கூப்பிட்டார்.

"தங்கச்சி செத்துப்போறாள். தமையன்ர கப்பல் வாறதுக்கு முதல் நாள்."

"யா அல்லாஹ்," என்றா ராத்தா. "அப்ப உள்ள கெடக்கிற நம்மட தங்கச்சி அழுவாவே."

இவ்வளவு நாள் காத்த கண். இன்னும் நாலு நாளில் கட்டு அவிழ்க்கப் போகிறார்கள்.

"அப்ப சாக விடாதேங்கோ," என்றார் அப்பா.

அதன் பிறகு அந்தக் குசினியில் நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ராத்தாவுக்குக் கலியாணமும் விருந்தும் வேண்டும். மாமாவுக்குத் தமையன் கப்டனாக வர வேண்டும். அப்பாவுக்கு அந்தச் சித்தப்பன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

"கதையில அவை சைவம்," என்றா டைப்பிஸ்ட் அக்கா, அப்பாவைப் பார்த்து.

"சைவமெண்டா என்ன, தன்ர கோவிலுக்குப் போய் அழட்டும். மன்னிப்புக் கேட்காம விடேலாது."

"ஆளுக்கொண்டு சொன்னா எப்படி? நானே எழுதி ஒபிஸில அடிச்சுக்கொண்டு வாறன். கடைசிப் பத்து எனக்கு."

மெல்லத்தான் கதைத்தார்கள். மாமாவால்கூட மெல்லக் கதைக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் குசினிக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலை. கண்ணைக் கட்டிய பிறகு அம்மா செருப்புச் சத்தத்தை வைத்தே ஒழுங்கையில் யார் போகிறார்கள் என்று சொல்லுவா. அந்தக் காதுக்கு இது கேட்காது என்று நாங்கள் எப்படி நம்பினோமோ, தெரியவில்லை.

அடுத்த நாளே அக்கா மூன்று தாள் அடித்துக்கொண்டு வந்து தொகுப்பின் கடைசியில் செருகினா. மெல்லிய தாள், எழுத்துக்கள் பின்பக்கம் தடவினால் குத்தும்.

கட்டு அவிழ்ப்பதற்கு முதல் நாள் பின்னேரம் மழை பிடித்தது. கோட்டையிலிருந்து பஸ் இல்லை, அக்கா வரவில்லை. மாமா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டார். அப்பா பேக்கரியில். ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர், ராத்தா வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டா. நானும் அம்மாவும் மட்டும்.

"பிள்ளை, நீ படி," என்றா அம்மா.

"அக்கா வரட்டும்."

"இண்டைக்கு முடிக்கோணும். கடைசிப் பத்து உன்ரதுதானே?"

எவ்வளவு ஆசைப்பட்ட சொல். நாடாவை எடுத்துவிட்டுத் திறந்தேன். ஒரு பக்கம் அச்செழுத்து, ஒரு பக்கம் அக்காவின் தாள். எனக்கு எல்லாம் தெரியும், குசினியில் நானும்தானே நின்றேன். ஆனால் அடுத்த மாதம் எனக்கு முதல் நன்மை, முதல் தரம் நாக்கில் நற்கருணை வாங்கப் போகிறேன். ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் அந்தக் கிழமைதான் பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கட்டளை படிப்பித்திருந்தா. பொய் சொன்ன நாக்கில் நன்மை வாங்கினால் என்ன நடக்கும் என்று அவ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இல்லாததை இருப்பதாகப் படிப்பது பொய்யா இல்லையா? ஒன்பது வயதில் எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

அச்செழுத்தைப் படித்தேன்.

எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் போனது. தங்கை தண்ணீர் கேட்டாள். யன்னலைத் திறக்கச் சொன்னாள். கடல் தெரிகிறதா என்று கேட்டாள். அந்த இடத்தில் அம்மாவைப் பார்த்தேன். கட்டின் ஓரம் நனைந்து, காதுப் பக்கமாக ஒரு கோடு இறங்கி, சாக்குத் துணியில் ஊறிக்கொண்டிருந்தது. தலை அசையவில்லை. சத்தம் இல்லை. விரல் மட்டும் சிப்பியின் மேல்.

நான் நிறுத்தினேன்.

"நிப்பாட்டாத. படி."

முடித்தேன். மழைச் சத்தத்தில் மணி அடித்தது கேட்கவில்லை.

"நல்லாப் படிச்சாய்," என்றா அம்மா. "உள்ளபடி படிச்சாய்."

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தார்கள். இடது கண் தெரிந்தது. வலது கண்ணுக்கு முன்னால் டோர்ச் பிடித்துக் கேட்டார்கள், அம்மா, "இருட்டு" என்றா. அப்பா முந்தின நாளே நனைந்த கட்டைப் பார்த்திருந்தார், மேசையில் அக்காவின் தாள்கள் தனியாகக் கிடந்ததையும் பார்த்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்தரிப்பில், அம்மாவுக்குக் கேட்காத தூரத்தில், குனிந்து என்னிடம் சொன்னார். "உனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதா, பிள்ளை?"

அந்த ஒன்றுதான். அவர் வாழ்ந்த காலத்தில் வேறு ஒரு கடுஞ்சொல் என்னைச் சொன்னதில்லை. நல்ல மனிதர். அடுத்த கிழமையே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

முதல் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "சுவாமி, நான் பொய் சொல்லேல்ல. அதால அம்மாட கண் போயிற்று." திரைக்கு அந்தப் பக்கம் இருந்த சுவாமியாருக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது. மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. அபராதம் கிடைத்ததென்றால் பாவம் உண்டு என்றுதானே அர்த்தம் என்று வெளியே வந்து மூன்றுக்கு முப்பதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அம்மா இடது கண்ணைக் களைக்கப் பண்ணக்கூடாது என்று பின்னேரங்களில் என்னைத்தான் படிக்கச் சொல்லுவா. எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளை பிறக்கும்வரை படித்தேன். ஆனால் ஒன்று, அந்த நாளுக்குப் பிறகு நான் அம்மாவுக்குப் படித்த கதைகளில் ஒருவரும் சாகவில்லை. நோயாளிகள் எழும்பி நடந்தார்கள். போன கப்பல் எல்லாம் திரும்பி வந்தது. டைப்பிஸ்ட் அக்கா மூன்று தாளில் செய்ததை நான் வாயாலேயே செய்தேன், எட்டாம் கட்டளையை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அம்மா கேட்டுவிட்டு, "நல்ல முடிவு," என்று மட்டும் சொல்லுவா.

அம்மா இறந்த பிறகு அவவுடைய புத்தகங்களை எடுத்து அடுக்கினேன். நடுவில் அங்கங்கே மாதா படம் போட்ட சின்ன அட்டைகள். ஏதோ அடையாளத்துக்கு வைத்திருக்கிறா என்று நினைத்து ஒன்றைத் திறந்து பார்த்தேன், நான் மாற்றிப் படித்த இடம். அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு புத்தகத்திலும், நான் சாக விடாத ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாதா. இடது கண்ணால் தானே எடுத்து வாசித்திருக்கிறா. வாசித்துவிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பஸ்தரிப்பில் அப்பா சொன்னதை அவவுக்குச் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் இப்படி இருந்திருக்கிறோம்.

போன மாதம் களுபோவிலையில் கண்ணைப் பரிசோதித்த டொக்டர், என் மகளின் வயதிருக்கும், தமிழ்ப் பிள்ளை. கேட்டுவிட்டேன்.

"அழுதா ஒப்பரேஷன் செய்த கண் போகுமா, டொக்டர்?"

"ஏன், ஆர் உங்கள அழப் பண்றது? மருமகளா?"

"ஐயோ, அவ பாவம்," என்று சொல்லி, அம்மாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். வெளியே வரிசை நின்றது. என்றாலும் அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டா.

"தலைய ஆட்டினவவா? விக்கி விக்கி அழுதவவா?"

"இல்ல. சத்தமே இல்ல. கண்ணீர் மட்டும்."

"கண்ணீர் கண்ணுக்கு வெளியால ஓடுறது அம்மா. திரை இருக்கிறது உள்ளுக்குள்ள, பின்னால. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அந்தக் காலத்தில நிறையப் பேருக்கு அது ஒட்டேல்ல. உங்கட அம்மாக்கு முதலே ஒட்டாம இருந்திருக்கும், கட்டு அவிழ்த்தபோதுதான் தெரிஞ்சிருக்கு." பிறகு, என் முகத்தைப் பார்த்தாவோ என்னவோ, மெல்லச் சொன்னா: "அழுது கண் போறதெண்டா, இந்த நாட்டில ஒரு தாய்க்கும் கண் இருக்காது."

ஓட்டோவில் வரும்போது மருமகள் என்ன என்ன என்று கேட்டாள். மருந்து எரிகிறது என்றேன்.

அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. அன்றைக்கு அம்மா ஏன் அக்காவுக்காகக் காத்திருக்கவில்லை? குசினியில் கதைத்தது எல்லாம் கேட்டிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றப்போகிறார்கள் என்று தெரிந்திருக்கிறது. அடுத்த நாள் கண் தெரியுமோ தெரியாதோ என்ற பயத்தில் கிடந்த மனுஷிக்கு, உள்ளதைச் சொல்லுகிற ஒரு வாய் வேண்டியிருந்திருக்கிறது. மழை அவவுக்கு உதவி செய்தது. முதல் நன்மைக்குப் படிக்கிற பிள்ளை பொய் படிக்காது என்று தெரிந்துதான் கேட்டா. நான் அம்மாவுக்குக் கெடுதல் செய்யவில்லை. கேட்டதைக் கொடுத்திருக்கிறேன். பிறகு நான் இறந்தவர்களையெல்லாம் எழுப்பி எழுப்பிப் படித்தபோது, இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று தனியே கிடந்து யோசித்திருப்பா. மாதாவிடம் கேட்டிருப்பா.

மருமகள் தேடித் தேடி அந்த நாவலையும் போனில் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கிழமை கேட்டேன். தங்கைக்குப் புதிதாக இருபத்தேழு குரல். கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது போன் பேசாமல் நின்றது.

"இதை இன்னும் ஒருத்தரும் படிச்சு அனுப்பேல்ல மாமி. ஆக்களைக் கேட்டுப் போட்டிருக்கினம்."

"அனுப்பலாமா, ஆரும்?"

"ஆரும் அனுப்பலாம். ஏன், நீங்களா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

வாசிக்கலாம் என்று டொக்டர் சொன்ன அன்று பின்னேரம், பழைய தொகுப்பை எடுத்தேன். எத்தனையோ வீடு மாறியும் அது கூடவே வந்திருக்கிறது. மண்ணிற உறை விரலில் உதிர்ந்தது. அக்காவின் மூன்று தாளும் உள்ளேயே இருந்தன, அம்மாதான் திருப்பிச் செருகியிருக்க வேண்டும். அவற்றை எடுத்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்தேன். மருமகள் கடற்கரைப் பக்கத்து யன்னலைச் சாத்தி, போனை ஒரு தலையணையில் சாய்த்துவிட்டு, "பிழைச்சாப் பரவாயில்ல மாமி, திரும்பப் படிக்கலாம்," என்றாள். சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினேன்.

எங்கேயாவது யாராவது அதைக் கேட்டால், பாதியில் ஒரு ரயில் போகும், வெள்ளவத்தையில் அதைத் தடுக்க முடியாது. அதற்குக் கொஞ்சம் பிறகு ஒரு கிழவி மூக்கை உறிஞ்சுவாள். அந்த இடத்தில் தங்கை யன்னலைத் திறக்கச் சொல்லுகிறாள். நிறுத்தட்டுமா என்று மருமகள் கையால் கேட்டாள். நான் நிறுத்தவில்லை. உள்ளபடி படித்திருக்கிறேன்.